குழந்தையின் பல்லும் பெரியவர் சொல்லும்



பல் போனால் சொல் போச்சு என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. பல்லிழந்த வாயில் சொற்கள் குழறும் என்பது அதன் பொருள். 35 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சிறுவர் சிறுமியரோடு பழகிய நான், அப்பழமொழியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். குழந்தைகளைப் பொறுத்தவரையில் சொல் தவறினாலும் பல் போகும். பல் வைத்தியரைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்கள் என்ன சொல்லி வளர்க்கிறார்களோ, அதற்கேற்பவே குழந்தை தன் நோவை வெளியே சொல்கிறது, அல்லது மறைத்துவிடுகிறது. இவ்வுண்மையை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

பெற்றோருக்குச் சொல்லவேண்டியதை மாணவர்களாகிய எங்களுக்கு ஏன் சொல்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுள் பலருக்கு வீட்டில் தம்பி தங்கையர் இருக்கின்றனர். ஐந்து வயதுக் குழந்தை, டாக்டரின் வார்த்தையைக் காட்டிலும் தன் அண்ணனுடைய வார்த்தையையும் அக்காளுடைய வார்த்தையையுமே பெரிதாக நம்பும். நாளைக்கு நீங்களே ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் ஆவீர்கள். ஆகவே இது உங்களுக்கும் உரிய பாடமே.

முதலில் பாற்பற்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். குழந்தைக்கு ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் கீழ்த்தாடையின் முன்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. மூன்று வயது நிறைவதற்குள் 20 பற்களும் வந்துவிடும். ஆறு வயதளவில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். விழுந்த பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறிவது நம் கிராமங்களில் குழந்தைகளுக்கு ஒரு திருவிழா. ஆனால் எல்லாப் பாற்பற்களும் அப்போதே விழுந்துவிடுவதில்லை. பின்புறத்திலுள்ள பாற்கடைவாய்ப் பற்கள் பத்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையில் இருந்து வேலை செய்பவை. மூன்று வயதில் ஒரு கடைவாய்ப் பல் கெட்டால், அக்குழந்தை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் அந்தப் பல்லைக்கொண்டே மென்று தின்னவேண்டியிருக்கிறது. “விழப்போகிற பல்தானே, போனால் போகட்டும்” என்று சொல்பவர்கள் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பாற்பல்லுக்கு வேறொரு கடமையும் உண்டு. அதன் வேர்களுக்குக் கீழே, தாடை எலும்புக்குள், நிலைப்பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலேயுள்ள பாற்பல், வரப்போகும் பல்லுக்கு இடம்பிடித்து வைத்திருக்கும் காவலாளியாகும். பாற்கடைவாய்ப் பல்லைக் காலத்திற்கு முன்னரே இழந்துவிட்டால், பின்னாலுள்ள பல் முன்னே சாய்ந்து அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும். பின்னர் வரும் நிலைப்பல் இடமின்றிக் கோணி முளைக்கும். வேரில் சீழ் பிடித்தால் உள்ளே உருவாகிவரும் பல்லின் மேற்பூச்சும் பழுதுபடலாம்.

மேலும் ஒன்று. ஏறக்குறைய ஆறு வயதில், பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, பக்கத்திற்கு ஒன்றாக நான்கு பெரிய கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை நிலைப்பற்கள், ஆயுள் முழுவதற்கும் உரியவை. எதுவும் விழாமல் முளைப்பதனால் பெற்றோர் பலர் இவற்றையும் பாற்பற்கள் என்றே எண்ணிவிடுகின்றனர். இவற்றின் மேற்பரப்பிலுள்ள ஆழ்ந்த பள்ளங்களில் உணவு தங்கிச் சொத்தை எளிதில் உண்டாகிறது. உங்கள் தம்பிக்கு ஆறு வயதாயின், அவன் வாயின் கடைக்கோடியை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

இனிச் சொத்தை எவ்வாறு உண்டாகிறது என்பதைக் காண்போம். பல்லைப் புழு அரிக்கிறது என்பது உலகின் பல நாடுகளில் இருந்துவந்த பழைய நம்பிக்கை. நம் நாட்டிலும் கண்டங்கத்திரி விதையைப் புகைத்து அப்புகையை வாயில் பிடித்தால் பற்பூச்சி வெளிவந்துவிடும் என்பார்கள். பிரெஞ்சு நாட்டுப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் 1728-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலேயே இப்புழுக் கொள்கையை ஏற்கவில்லை. பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த வில்லோபி மில்லர் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர், 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உண்மைக் காரணத்தை விளக்கினார். வாயில் வாழும் கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள், நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப் பொருளையும் புளிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலமே பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. இன்றைய அறிவு அம்முடிவை விரிவாக்கியிருக்கிறதேயன்றி, அதன் அடிப்படையை மாற்றவில்லை.

பல்லின் வெளிப்பூச்சாகிய எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குமேல் தாதுப்பொருளாலானது. இத்துணைக் கடினமான பொருளை அமிலம் எவ்வாறு கரைக்கும் என்று ஐயுறுகிறவர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரு கோழிமுட்டையைக் கண்ணாடிக் குவளையிலிட்டு, அது மூழ்கும்படி வினிகர் ஊற்றி வையுங்கள். ஓட்டின்மேல் சிறு சிறு குமிழிகள் எழும். ஓரிரண்டு நாளில் ஓடு கரைந்து, தோல்போன்ற மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சும். பாற்பல்லின் எனாமலோ நிலைப்பல்லின் எனாமலில் ஏறக்குறையப் பாதிக் கனமே உடையது. ஆதலால் குழந்தைப் பல்லில் தோன்றிய சொத்தை விரைவாக உள்ளே இறங்கிவிடுகிறது.

இங்கே குறிப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இனிப்புத் தின்ற சில நிமிடங்களிலேயே பல்லின்மேல் அமிலம் மிகுந்துவிடுகிறது. உமிழ்நீர் அதனைக் கழுவித் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி முதல் ஒருமணி நேரம் வரையிலும் ஆகலாம். 1940-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் என்பவர் இதனை அளந்து காட்டினார். ஆகவே எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைக் காட்டிலும், எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியம். ஐந்து மிட்டாய்களை உணவோடு ஒரே வேளையில் தின்ற பிள்ளைக்கு அமிலத் தாக்குதல் ஒருமுறை. அதே ஐந்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மணிக்கொன்றாகச் சப்பிய பிள்ளைக்கு ஐந்துமுறை. நாள் முழுவதும் பல்லுக்கு ஓய்வே இல்லை.

சுவீடன் நாட்டில் விப்பேஹோல்ம் என்னும் விடுதியில் 1945 முதல் சில ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியும் இதனையே காட்டிற்று. உணவோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடியது. உணவு வேளைகளுக்கிடையே பல்லில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கோ அது மிகவும் பெருகியது. மனவளர்ச்சி குன்றியவர்கள்மீது, அவர்களுடைய சம்மதத்தைப் பெறாமல் நடத்திய சோதனை அது. அதனால் கிடைத்த அறிவை நாம் பயன்படுத்தினாலும், அச்செயல் நியாயமானதன்று என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது.

உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். சர்க்கரை கலந்த பாலைப் புட்டியிலிட்டு, அதைச் சப்பிக்கொண்டே குழந்தை உறங்கும்படி விடும் வழக்கம் இக்காரணத்தினாலேயே மிகத் தீயது. அழும் குழந்தைக்கு ரப்பர்க் காம்பைத் தேனில் தோய்த்துக் கொடுப்பதும் அத்தகையதே. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறிக் கரைந்து, வேர்மட்டும் நிற்கும் இரண்டு வயதுக் குழந்தைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் இரவுப் பாலின் விளைவு.

சொத்தை ஒரே நாளில் குழியாகத் தோன்றுவதில்லை. முதலில் ஈறின் ஓரத்தில், பல்லின்மேல், சுண்ணாம்புக் கோடுபோல ஒரு வெண்மை தெரியும். அந்நிலையில் பல்லைத் துளைக்க வேண்டிய அவசியமே இல்லை. உமிழ்நீரிலுள்ள தாதுக்களும், பற்பசையிலுள்ள ஃப்ளோரைடும், இனிப்பைக் குறைத்த உணவும் சேர்ந்து அவ்விடத்தை மீண்டும் இறுகச் செய்யக்கூடும். அதைக் கவனியாது விட்டால் வெண்மை பழுப்பாகும், பழுப்பு குழியாகும், குழி உள்ளேயுள்ள நரம்புக்கூட்டை எட்டும்போதுதான் பொறுக்கமுடியாத வலி தோன்றும். வலி வந்த பிறகு வைத்தியரிடம் போவது என்னும் நம் வழக்கம், முதல் மூன்று படிகளையும் வீணே கழியவிட்டு நான்காம் படியில் கண் விழிப்பதாகும்.

இந்நோய் ஏதோ சில வீடுகளில் மட்டும் காணப்படுவதன்று. உலகில் 51 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பாற்பற்களின் சொத்தையால் துன்புறுகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது.

இத்துணைப் பரவலான நோயைக் குழந்தை ஏன் சொல்வதில்லை? நான் தலைமையாசிரியராயிருந்த ஒரு பள்ளியில், இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். மதிய உணவில் சுண்டல் போடும் நாள்தோறும் தன் பங்கைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுவான். அவனுடைய கொடைக்குணத்தைக் கண்டு வகுப்பாசிரியை மகிழ்ந்தார். சோற்றையும் அவன் குழையப் பிசைந்து, ஒரு பக்கமாக ஒதுக்கியே விழுங்கினான். ஒருநாள் காலையில் கன்னம் வீங்கிய நிலையில் வந்தான். “என்னப்பா செய்கிறது?” என்று கேட்டால் உதடுகளை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தான். அவனைத் தனியே அழைத்து அருகில் உட்காரவைத்தேன். நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு மெல்லிய குரலில், “சார், எல்லாப் பல்லையும் பிடுங்கிடுவாங்களா?” என்று கேட்டான்.

சாப்பிட அடம்பிடிக்கும் போதெல்லாம், “பல் டாக்டரிடம் சொல்லி எல்லாப் பல்லையும் பிடுங்கச் சொல்கிறேன் பார்” என்று வீட்டில் அவனை மிரட்டி வந்திருக்கின்றனர். குழந்தை அதனை அப்படியே நம்பினான். ஆகையால் ஒரு மாதத்திற்கு மேலாகத் தன் வலியை யாருக்கும் சொல்லாமல் தனியே சுமந்திருக்கிறான். அவன் தாயாரை வரவழைத்துச் செய்தியைச் சொன்னேன். “விளையாட்டுக்குச் சொன்னதுங்க ஐயா” என்று அந்த அம்மையார் கண்ணீர் விட்டார். அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். பல்லை எடுக்கவேண்டியதாயிற்று. சில மாதங்களுக்கு முன் கொண்டுவந்திருந்தால் சிறியதோர் அடைப்போடு முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அப்பல்லை இழக்கச் செய்தது சொத்தை மட்டுமன்று, விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல்லும்தான்.

நல்லெண்ணத்தோடு செய்யும் வைத்தியமும், குழந்தையின் அச்சத்தைப் பொருட்படுத்தாவிடின், தீய பெயரைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு நியூசிலாந்து நாட்டின் வரலாறு சான்றாகும். பள்ளிக் குழந்தைகளின் பற்களைப் பாதுகாப்பதற்கென்றே பெண்களுக்குப் பயிற்சியளித்து, பள்ளிகளிலேயே சிகிச்சை நிலையங்களை அமைக்கும் திட்டத்தை அந்நாட்டார் 1921-ஆம் ஆண்டில் தொடங்கினர். உலகின் பல நாடுகள் பின்பற்றிய சிறந்த திட்டம் அது. ஆயினும் காலால் மிதித்து ஓட்டும் துளைகருவி மெல்லச் சுழன்று பல்லைக் குடைய, மரத்துப்போகச் செய்யும் மருந்துமின்றி, குழந்தைகள் நாற்காலியைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தனர். அந்நிலையத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கொலை வீடு’ என்பது! பெரியவர்களாகிப் பேரன் பேத்தி எடுத்த பின்னும் அப்பெயரை மறவாதவர்கள் பலர். வேகமாகச் சுழலும் காற்றுக்கருவிக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவராகிய ஜான் வால்ஷ், 1949-ஆம் ஆண்டளவில் அதே நாட்டில் பணியாற்றியவர் என்பது நினைவுகூரத்தக்கது. பிறரது துன்பத்தைக் கண்கூடாகக் கண்டவரே அதனைத் தீர்க்கவும் முற்படுவர் போலும்!

கருவிகள் திருந்தின, மருந்துகளும் திருந்தின. சுவீடன் நாட்டு நீல்ஸ் லோஃப்கிரென் 1943-ஆம் ஆண்டில் கண்டறிந்த லிக்னோகெய்ன் என்னும் மருந்து, ஈறில் செலுத்திய சில நிமிடங்களில் அவ்விடத்தை மரக்கச் செய்கிறது. ஊசி குத்துவதே தெரியாதிருக்க, முன்னதாக ஈறின்மேல் மரப்புக் களிம்பைத் தடவுகின்றனர். ஆனால் கருவியும் மருந்தும் மாத்திரம் போதா. குழந்தையின் மனத்தைப் பக்குவப்படுத்தும் முறையும் வேண்டும்.

அம்முறையை அமெரிக்கப் பல் வைத்தியர் ஆடல்ஸ்டன் என்பவர் 1959-ஆம் ஆண்டில் மூன்றே சொற்களில் வகுத்தார்: சொல், காட்டு, செய். செய்யப்போவதை முதலில் குழந்தைக்குப் புரியும் மொழியில் சொல்லுதல். அடுத்து, அதைக் கையிலோ நகத்திலோ வைத்துக் காட்டுதல். பிறகு, சொன்னபடியே செய்தல். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க, பொருளைக் காட்டிப் பின் விளக்குக என்பதே எங்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் கற்பித்த பாடம். பல் வைத்தியரின் நாற்காலியும் ஒரு வகுப்பறையே.

ஒரு நல்ல வைத்தியர் இதனை எவ்வாறு செய்கிறார் என்று பாருங்கள். “பாப்பா, இது ஒரு குட்டி விசிறி, காற்றை ஊதும். உன் விரலைக் காட்டு, ஊதிப் பார்க்கலாம்” என்கிறார். குழந்தை விரலை நீட்டிச் சிரிக்கிறது. “இது தண்ணீர் பீச்சும், இது அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும்” என்று அடுத்ததைக் காட்டுகிறார். “ஏதாவது செய்தால் இடக்கையைத் தூக்கு, நான் உடனே நிறுத்திவிடுவேன்” என்று உடன்படிக்கையும் செய்துகொள்கிறார். கை உயர்ந்ததும் மெய்யாகவே நிறுத்தவேண்டும். ஒருமுறை நிறுத்தினால் குழந்தைக்கு நம்பிக்கை பிறக்கும். அதன்பிறகு அது கையைத் தூக்குவதும் குறைந்துவிடும். தன் வாயின்மேல் தனக்கும் அதிகாரம் உண்டு என்று அறிந்த குழந்தை அமைதியாயிருக்கும்.

வீட்டிலுள்ளோர் கடைப்பிடிக்கவேண்டிய சொல்லொழுக்கம் இனி வருமாறு.

முதலாவது, வைத்தியரையும் ஊசியையும் பூச்சாண்டியாக்கிக் காட்டலாகாது. உணவூட்டுவதற்காகச் சொன்ன மிரட்டல், நோயுற்ற நாளில் பகையாக வந்து நிற்கும்.

இரண்டாவது, பொய் சொல்லலாகாது. கடைவீதிக்குப் போகலாம் என்று அழைத்துச் சென்று மருத்துவமனையில் கொண்டுபோய் உட்காரவைத்தால், குழந்தை வைத்தியரையும் நம்பாது; உங்களையும் நம்பாது. “வலிக்கவே வலிக்காது” என்பதும் கூடாது. ‘வலி’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் குழந்தையின் மனம் வலியையே எதிர்பார்க்கத் தொடங்கும். சிறிது வலித்தாலோ நீங்கள் பொய்யராவீர்கள். “டாக்டர் உன் பற்களை எண்ணிப் பார்ப்பார்; கெட்டுப்போன இடத்தைச் சுத்தம் செய்வார்; நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்” என்றால் போதும். ஊசி உண்டா என்று அதுவே கேட்டால், “பல்லைத் தூங்கவைக்க டாக்டர் ஒரு மருந்து தருவார், எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்று இருக்கலாம், பிறகு மரத்துவிடும்” என்று மெய்யைச் சுருக்கமாகச் சொல்லுக.

மூன்றாவது, பெரியவர்கள் தங்கள் பழைய அனுபவத்தைக் குழந்தையின் காதுபட விவரிக்கலாகாது. “எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினபோது உயிரே போய்விட்டது” என்று அத்தை சொல்லும் கதையைத் திண்ணையில் விளையாடும் குழந்தை ஒருசொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

நான்காவது, அழுதால் இகழலாகாது. “ஆண்பிள்ளை அழலாமா?”, “உன் தங்கையைப் பார், எவ்வளவு தைரியம்!” என்பன போன்ற மொழிகள் அச்சத்தைப் போக்கமாட்டா, அச்சத்தோடு அவமானத்தையும் சேர்த்துவிடும். “பயமாயிருக்கிறதா? இருக்கட்டும், என் கையைப் பிடித்துக்கொள்” என்று சொல்லும் அக்காளே உதவி செய்பவள். முடிந்தபின் புகழும்போதும், “நல்ல பிள்ளை” என்று பொதுவாகச் சொல்வதைவிட, “வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டாயே, அதனால் டாக்டருக்கு வேலை எளிதாயிற்று” என்று செய்த செயலைக் குறித்துப் புகழ்க. பரிசாக மிட்டாய் வாங்கித் தருவது எத்தகைய அறியாமை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

வலி தோன்றுமுன்னரே, பார்த்துவிட்டு வருவதற்கென்று ஒருமுறை அழைத்துப்போவது எல்லாவற்றினும் நன்று. முதற்பல் முளைத்தபின், ஓராண்டு நிறைவதற்குள் முதன்முறை காட்டவேண்டும் என்பது குழந்தைப் பல் வைத்தியர்களின் பரிந்துரை. முதல் நாளில் நாற்காலி மேலேறுவதையும் கீழிறங்குவதையும் கண்டு மகிழ்ந்து திரும்பிய குழந்தைக்கு இரண்டாம் நாள் அச்சமிராது. உறக்கம் வரும் வேளையையும் பசிவேளையையும் விலக்கிக் காலையில் செல்வது நல்லது.

இன்று கிடைக்கும் சிகிச்சைகளையும் நீங்கள் அறிந்திருந்தால் பெற்றோருக்குத் தைரியம் சொல்லலாம். துளைகருவியே இல்லாமல், கைக்கருவிகளால் மட்டும் சொத்தையைச் சுரண்டியெடுத்து, ஃப்ளோரைடை வெளியிடும் கண்ணாடி அயனோமர்ச் சாந்தை வைத்து அடைக்கும் முறை, மின்சார வசதியற்ற கிராமங்களை உத்தேசித்து 1980-களில் ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் உருவாயிற்று. வெள்ளிச் சத்தும் ஃப்ளோரைடும் கலந்த திரவமொன்றைச் சிறு தூரிகையால் தடவினாலே பல சொத்தைகள் மேலும் பரவாமல் நின்றுவிடுகின்றன. தடவிய சொத்தை கறுத்துப்போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். இவ்விரண்டையும் ஃப்ளோரைடுப் பற்பசையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பெரிதும் சிதைந்த கடைவாய்ப் பாற்பல்லுக்கு எஃகாலான சிறு மூடியை அணிவிக்கின்றனர். நரம்புக்கூடு கெட்டிருந்தால் அதனைச் சுத்தம் செய்து பல்லைக் காப்பாற்ற முயல்கின்றனர். பிடுங்குவது இறுதி வழியே.

மரப்பு மருந்து செலுத்திய பின், உதட்டிலும் கன்னத்திலும் உணர்ச்சி திரும்ப இரண்டு மூன்று மணி நேரமாகலாம். அதுவரையில் குழந்தை விளையாட்டாகத் தன் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அருகிலிருந்து காப்பது அண்ணன் அக்காளின் வேலை. பல்வலிக்குக் கற்பூரம், புகையிலை முதலியவற்றை வைப்பது குழந்தைகளுக்கு ஆபத்தாகும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டாலோ, வாயைத் திறக்கவும் விழுங்கவும் முடியாவிட்டாலோ, ஒருநாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுக. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. 2013-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின்படி, பள்ளிகளுக்கு வந்து சோதிக்கும் மருத்துவக் குழுவினர் பற்களையும் பார்க்கின்றனர். அந்நாளில் பிள்ளைகள் பள்ளிக்கு வருமாறு பார்த்துக்கொள்வது நலம்.

நோய் வராமல் தடுக்கும் வழி எளியது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நம் முன்னோருக்குப் பயன்பட்டன. ஆனால் சிறு குழந்தை குச்சியை மென்று, கடைவாய்வரை செலுத்தித் துலக்க வல்லதன்று. சிறிய மெத்தென்ற தூரிகையும், பத்து லட்சத்தில் 1000 பங்கு ஃப்ளோரைடு உள்ள பற்பசையும் வேண்டும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசிமணி அளவு, அதன்பின் ஒரு பட்டாணி அளவு பசை போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிடட்டும்; விழுங்கவிடலாகாது. காலையில் ஒருமுறை, இரவில் உறங்குமுன் ஒருமுறை. இரவில் துலக்கியபின் தண்ணீர் தவிர வேறொன்றும் கூடாது. ஏழெட்டு வயது வரையில் பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிடவேண்டும். தன் சட்டைப் பொத்தானைச் சரிவரப் போடத் தெரியாத பிள்ளை தன் கடைவாய்ப் பல்லைச் சரிவரத் துலக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

ஃப்ளோரைடைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. அளவோடிருந்தால் பல்லைக் காக்கும் அப்பொருள், குடிநீரில் மிகுந்தால் பல்லில் கறையையும், மேலும் மிகுந்தால் எலும்பில் நோயையும் உண்டாக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அது மிகுந்திருந்த காரணத்தினாலேயே, காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ஆம் ஆண்டில் செயலுக்கு வந்தது. அத்தகைய பகுதிகளில் வாழ்வோர், குழந்தைக்கு எந்தப் பற்பசை ஏற்றது என்பதை வைத்தியரிடம் கேட்டறிக.

இளைஞர்களே! நான் சொன்ன யாவற்றையும் நினைவில் வைப்பது அரிதாயின், ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை, “அக்கா, பல் வலிக்கிறது” என்று அச்சமின்றி வந்து சொல்லுமாறு உங்கள் சொல் இருக்கட்டும். அது வந்து சொல்லும் நாளில் மிரட்டாமலும் ஏய்க்காமலும் அதன் கையைப் பிடித்து அழைத்துச் செல்லுங்கள். வைத்தியருடைய வேலையில் பாதி, வீட்டு வாசலைத் தாண்டுமுன்பே முடிந்திருக்கும்.